கொழும்பில் காலைநேர ஓட்டத்துக்குப் பழைய சைக்கிள்: எதை எடுப்பது, எதை விடுவது

அக்காவும் நானும் வெள்ளவத்தையில் ஒரே தொடர்மாடியின் வெவ்வேறு தளங்களில் குடியிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமைகளிலும் போயா தினங்களிலும் காலை ஆறு மணியளவில் புறப்பட்டு, மரைன் டிரைவ் வழியே கடலைப் பார்த்தபடி கொள்ளுப்பிட்டி வரை சென்று, காலி முகத்திடலில் சற்று நேரம் இருந்துவிட்டு, வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்ப ஆளுக்கொரு சைக்கிள் வேண்டும் என்பதே எங்கள் தேவையாக இருந்தது. போகவர ஏறக்குறைய 12 கிலோமீற்றர். உற்சாகம் கூடிய நாட்களில் பத்தரமுல்லைப் பக்கம் போய், தியத்த உயனவையும் பாராளுமன்றச் சுற்றாடலையும் பார்த்துத் திரும்பினால் 20 கிலோமீற்றரைத் தாண்டக்கூடும். வேலைக்குப் போவதற்கோ, சாமான் ஏற்றுவதற்கோ, போட்டிக்கோ இந்த வண்டிகள் தேவைப்படவில்லை. புதிதாக வாங்கக் கையில் இருந்த பணம் போதாது என்பதாலும், பழையதில் நல்லது கிடைக்கும் என்று நம்பியதாலும், பழைய சைக்கிள்களையே தேடினோம். இரண்டு மாதங்களில் பதினேழு வண்டிகளைப் பார்த்தோம். அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டதில் நான் வந்தடைந்த முடிவுகளை, இதே தேவையோடு தேடுகிறவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

எந்த வகைச் சைக்கிள் என்று கேட்பதற்கு முன்னர், அந்தச் சைக்கிள் நேற்று வரை எங்கே நின்றது என்று கேட்க வேண்டும். கொழும்பில், அதிலும் காலி வீதிக்குக் கடற்பக்கமாக உள்ள வீடுகளில், சைக்கிளை ஓட்டம் தின்பதைக் காட்டிலும் உப்புக் காற்றே கூடுதலாகத் தின்கிறது. 2022இல் எரிபொருளுக்காக வாகனங்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றபோது, அதுவரை சைக்கிளைத் தொடாத வீடுகளும் ஒன்றை வாங்கின. நெருக்கடி தணிந்ததும் அவற்றில் பல பல்கனியிலும், வாகனத் தரிப்பிடத்தின் மூலையிலும், மாடிப்படியின் கீழும் ஒதுங்கின. நாங்கள் பார்த்த வண்டிகளில் ஏழு இப்படிப்பட்டவை. ஏழையும் விற்க வந்தவர்கள் சொன்னது ஒன்றுதான்: மூன்று மாதம்தான் ஓடியது, புதியது மாதிரியே இருக்கிறது. அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால், மூன்று மாதம் ஓடி மூன்று ஆண்டு கடற்காற்றில் நின்ற சைக்கிளை, மூன்று ஆண்டு ஓடிய சைக்கிளைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டும் என்பதை முதல் வாரத்திலேயே கற்றுக்கொண்டோம்.

அதைக் கற்றுத்தந்த வண்டி எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. மரைன் டிரைவுக்கு அருகில் ஒரு தொடர்மாடியின் தரைத்தளத்தில், சிவப்பு நிறத்தில், முன்சில்லைத் தாங்கும் கவையில் ஸ்பிரிங் வைத்த, அதாவது ஸ்பிரிங் போர்க் பூட்டிய மவுண்டன் பைக். புது டயரில் ஊசி ஊசியாகத் துருத்திக்கொண்டிருக்கும் இறப்பர் மயிர்கள் கூட ஓரங்களில் தேயாமல் இருந்தன. நான் விலை பேசத் தயாராகிவிட்டேன். என்னோடு வந்த, கொட்டாஞ்சேனையில் நீண்ட காலமாகச் சைக்கிள் திருத்தும் பெரியவர் பெயின்ற்றைப் பார்க்கவே இல்லை. சீற்றின் கீழே உள்ள பிடியைத் தளர்த்தி, சீற்றை இரண்டு கையாலும் பிடித்து இடமும் வலமும் திருப்பிப் பார்த்தார். அது அசையவில்லை. சட்டத்தைக் கால்களுக்கிடையில் இறுக்கிக்கொண்டு மறுபடியும் முயன்றார். அசையவில்லை. பிறகு பின்சில்லின் கம்பிகள் ரிம்மில் சேரும் இடத்தை நகத்தால் சுரண்டினார். வெள்ளையாக மாவு போல உதிர்ந்தது. "தம்பி, இது ஓடாமலே கிழண்டு போச்சு. சீற்றை உயர்த்தவும் ஏலாது, இறக்கவும் ஏலாது. கம்பி ஒண்டொண்டா அறுந்துகொண்டு வரும்" என்றார்.

இதற்குக் காரணம் எளிமையானது. இரும்புச் சட்டத்துக்குள் அலுமினியக் குழாய் செருகப்பட்டிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் புகுந்தால், இரண்டு வெவ்வேறு உலோகங்களுக்கிடையே மின்வேதி அரிப்பு நடந்து, அலுமினியம் பொருமிச் சட்டத்தோடு இறுகிவிடும். அவ்வப்போது சீற்றை ஏற்றி இறக்கி, கிறீஸ் பூசிவந்தால் இது நடக்காது. எனவே சீற் அசைகிறதா என்பது, சீற்றின் உயரத்தைப் பற்றிய கேள்வி மட்டுமன்று. அந்த வண்டியை யாராவது கவனித்தார்களா என்பதற்கான சாட்சியும் ஆகும். அன்று மாலையே நுகேகொடையில், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் ஆறு ஆண்டுகளாகச் சந்தைக்கும் கோயிலுக்கும் ஓட்டிய ஜப்பான் சைக்கிளைப் பார்த்தோம். கூடை நெளிந்திருந்தது, நீலப் பெயின்ற் பல இடங்களில் கீறியிருந்தது. சீற் ஒரு விரல் அழுத்தத்தில் இறங்கியது. சில்லைச் சுழற்றிவிட்டால் நாங்கள் இரண்டு வசனம் பேசி முடிக்கும்வரை சத்தமின்றிச் சுழன்றுகொண்டே இருந்தது.

இனி வகைகளுக்கு வருகிறேன்.

விற்பனைக்கு அதிகம் வருவதும், பார்ப்பவரை அதிகம் ஈர்ப்பதும் முன் ஸ்பிரிங் பூட்டிய மவுண்டன் பைக்தான். தடித்த டயர், 21 கியர், உறுதியான தோற்றம் ஆகியவற்றைப் பார்த்து, கொழும்பின் குழி விழுந்த வீதிகளுக்கு இதுவே பொருத்தம் என்று நினைப்பது இயல்பு. நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் மலிவான வண்டிகளில் வரும் ஸ்பிரிங் போர்க், வண்டியின் எடையைக் கூட்டுவதோடு, உப்புக் காற்றில் உள்ளே கறள் பிடித்துச் சில ஆண்டுகளில் அசையாத கட்டையாகிவிடுகிறது. முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹாண்டிலை உடல் பாரத்தால் அழுத்தினால் போர்க் இறங்கி மீள வேண்டும். இறங்காவிட்டாலோ, இறங்கும்போது கரகரத்தாலோ, பளபளப்பான குழாயில் புள்ளிபுள்ளியாகக் கறள் தெரிந்தாலோ, அந்த ஸ்பிரிங்குக்காகக் கேட்கப்படும் விலையில் ஒரு ரூபாயும் கொடுக்கத் தேவையில்லை. கட்டை கட்டையான பற்களைக் கொண்ட டயர் சேற்றுக்கும் மணலுக்கும் உரியது. தார் வீதியில் அது ஹூம் என்று இரைந்துகொண்டு காலின் வலுவை வீணாக்குகிறது. மூன்று முன்பல் சக்கரங்களும் ஏழு பின்பல் சக்கரங்களும் சேர்ந்த 21 கியர், கொழும்பு போன்ற சமதரையில் தேவைப்படுவதே இல்லை. மேம்பாலம் ஏறுவதுதான் இங்கே பெரிய ஏற்றம்.

எனினும் இந்த வகையை ஒரேயடியாக ஒதுக்கிவிடக் கூடாது. ஸ்பிரிங் இல்லாத, நேரான இரும்புப் போர்க் கொண்ட பழைய மவுண்டன் பைக்குகள் இருக்கின்றன. ஸ்பிரிங் இல்லாததால் அவற்றைப் பழைய மொடல் என்று விற்பவரும் குறைத்துப் பேசுவார், வாங்குபவரும் திரும்பிப் பார்க்கமாட்டார். பழைய சைக்கிள் சந்தையில் மிகக் குறைவாக மதிக்கப்படும் நல்ல பொருள் இதுதான் என்பது என் கருத்து. அதற்குப் பற்கள் இல்லாத வழுவழுப்பான 26 அங்குல டயர் இரண்டு பூட்டினால், அகலமான டயரின் மெத்தென்ற தன்மையும் இலகுவான ஓட்டமும் ஒருசேரக் கிடைக்கும். இதன் வால்வு மோட்டார் சைக்கிளினதும் காரினதும் வால்வைப் போன்றதே என்பதால், பெற்றோல் நிரப்பு நிலையத்திலும் காற்றடித்துக்கொள்ளலாம்.

அடுத்தது ஜப்பான் சைக்கிள். கீழே தாழ்ந்த சட்டம், முன்கூடை, சில்லோடு பொருந்திய பூட்டு, அகலமான ஸ்டாண்ட், செயினை மூடிய உறை, மட்கார்ட் எல்லாமாகச் சேர்ந்து 18 முதல் 20 கிலோகிராம் வரை இருக்கும் இந்த வண்டிகளைக் கொழும்பிலும் சுற்றுப்புறங்களிலும் வீதியோரக் கடைகளில் வரிசையாக நிறுத்தியிருப்பதைக் காணலாம். ஜப்பானிய நகரங்களில் ரயில் நிலையங்களுக்கு அருகே கைவிடப்படும் சைக்கிள்களை நகர நிர்வாகங்கள் அகற்றிச் சேர்த்துவைக்கின்றன. உரியவர் வராதவற்றை விற்றுவிடுகின்றன. அவற்றில் ஒரு பகுதி கப்பலேறி நம்மைப் போன்ற நாடுகளுக்கு வருகிறது. பிரிட்ஜ்ஸ்டோன், மியாட்டா, மருஇஷி, பானசோனிக் போன்ற பெயர்களை இவற்றில் காணலாம். நம்முடைய கடற்கரை ஓட்டத்துக்கு இவற்றிடம் உள்ள பெரிய பலம், பலவற்றில் ரிம், மட்கார்ட், கூடை ஆகியன கறள் ஏறாத எவர்சில்வரினாலோ அலுமினியத்தினாலோ செய்யப்பட்டிருப்பது. சட்டம் பெரும்பாலும் இரும்பு என்பதால் அதை மட்டும் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இவற்றில் இரண்டு வகைக் கியர் உண்டு. ஆறு பல்சக்கரங்களை வெளியே அடுக்கி, செயினைத் தள்ளித் தள்ளி மாற்றுவது ஒன்று. மற்றையதில் மூன்று கியரும் பின்சில்லின் நடுத்தண்டுக்குள்ளேயே அடைக்கப்பட்டிருக்கும். எங்கள் தேவைக்கு இரண்டாவதே மிகச் சிறந்தது என்று தயங்காமல் சொல்வேன். மணலும் உப்பும் மழைநீரும் அந்தப் பற்களைத் தொடுவதில்லை. அத்துடன், சைக்கிள் நின்றுகொண்டிருக்கும்போதே கியரை மாற்றலாம். வெள்ளவத்தைச் சந்தியில் சிவப்பு விளக்குக்கு உயர்ந்த கியரில் நின்றுவிட்டு, விளக்கு மாறியதும் பின்னால் பஸ் ஒலியெழுப்ப, மிதிக்க முடியாமல் தள்ளாடிய அனுபவம் உள்ளவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஷிமானோ தயாரிப்பான மூன்று கியர் தண்டாக இருந்தால், பரிசோதனை சுலபம்: கைப்பிடியில் 2ஆம் கியரை வைத்துவிட்டு, பின்சில்லின் வலப்புறத்தில் உள்ள சிறிய கண்ணாடித் துவாரத்தில் மஞ்சள் கோடு உரிய இடத்தில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். விலகி நின்றால் கம்பியைச் சற்று இழுத்துச் சரிசெய்யலாம். சரிசெய்த பிறகும் மிதிக்கும்போது சறுக்கினால், உள்ளே பல் தேய்ந்திருக்கிறது; அதை விட்டுவிடுவது நல்லது.

ஜப்பான் சைக்கிளில் ஏமாறக்கூடிய இடம் டயர். 26 × 1 3/8 என்று எழுதப்பட்ட டயரும், மவுண்டன் பைக்கின் 26 × 1.95 டயரும் பெயரளவில் 26 அங்குலமே. ஆனால் முன்னையது 590 மில்லிமீற்றர் விட்டமுள்ள ரிம்முக்கும், பின்னையது 559 மில்லிமீற்றர் ரிம்முக்கும் உரியவை. 31 மில்லிமீற்றர் வித்தியாசம் என்பதால் ஒன்றை மற்றையதில் பூட்டவே முடியாது. 27 × 1 3/8 என்று எழுதப்பட்டிருந்தால் இன்னும் கவனம் தேவை. அது 609 மில்லிமீற்றர் ரிம். ஜப்பானுக்கு வெளியே அரிதாகப் புழங்கும் அளவு. நம்முடைய பழைய பெரிய சைக்கிளின் 28 × 1 1/2 டயர் 635 மில்லிமீற்றர் ரிம்முக்கு உரியது என்பதால் அதுவும் உதவாது. ஆகவே டயரின் பக்கவாட்டில் உள்ள இலக்கங்களைக் கைபேசியில் படம் எடுத்து, டாம் வீதியில் உள்ள சைக்கிள் கடையொன்றுக்கு அனுப்பியோ, நேரில் போய்க் காட்டியோ, அந்த அளவில் டயரும் டியூப்பும் இப்போது கையிருப்பில் இருக்கிறதா என்று கேட்ட பிறகே பணத்தைக் கொடுக்க வேண்டும். கப்பலில் வருவதற்கு முன்னரே வெயிலிலும் மழையிலும் நின்றவை என்பதால், பல ஜப்பான் சைக்கிள்களின் டயர் பக்கவாட்டில் மெல்லிய வெடிப்புகள் ஓடியிருக்கும். வாங்கி ஓரிரு மாதங்களில் டயர் மாற்ற வேண்டிவரும் என்று வைத்துக்கொள்வதே புத்தி.

இதே ஜப்பான் வண்டிகளுக்கிடையில் மின்கல உதவியோடு ஓடுபவையும் கலந்து வருகின்றன. மின்கலம் இல்லாமலோ, உயிர்போன மின்கலத்தோடோ மலிவாக விற்கப்படும். அவற்றின் மின்னேற்றி ஜப்பானின் 100 வோல்ற்றுக்கு ஆனது. நமது 230 வோல்ற்றில் நேரே செருகினால் கருகிவிடும். மின்கலம் இல்லாமல் ஓட்டலாமே என்று எண்ணினால், மோட்டாரோடு சேர்த்து 25 கிலோகிராம் அளவுக்கு மிதிக்க வேண்டியிருக்கும். விட்டுவிடுங்கள்.

மூன்றாவதாக, பெரிய சைக்கிள். 28 அங்குலச் சில்லு, மேலே நேரான பார், தடிக் கம்பியால் இயங்கும் பிரேக், முழுதாக மூடிய செயின் உறை. எங்கள் வயதுக்காரர்கள் யாழ்ப்பாணத்தில் 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் வாழ்ந்திருந்தால், இந்த வண்டியைச் சாதாரணப் பொருளாகப் பார்க்க முடியாது. பெற்றோல் இல்லாத அந்த ஊரில் விறகும், மண்ணெண்ணெய்க் கலனும், நோயாளியும், மணமக்களும் இதில்தான் போனார்கள். அப்பாவின் ரலி சைக்கிளை ஒத்த ஒன்றைக் கொட்டாஞ்சேனையில் கண்டபோது அக்கா அதன் மணியை அடித்துப் பார்த்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் நின்றார். அந்தப் பிணைப்பை நான் மதிக்கிறேன். இது முறியாது, எந்தத் தெருமுனைத் திருத்துநரும் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டுவார், உள்நாட்டில் பெயர்பெற்ற லுமாலா உட்பட இதே அளவுள்ள வண்டிகள் பல என்பதால் டயருக்கும் பஞ்சமில்லை. ஆயினும் ஓய்வுநேர ஓட்டத்துக்கு இதை நான் பரிந்துரைக்கத் தயங்குவது ஒரே காரணத்தினால்: மழையில் பிரேக். குரோம் பூசிய இரும்பு ரிம் நனைந்தால், இறப்பர் கட்டை அதில் வழுக்கிக்கொண்டு போகும். ஐப்பசியில் பின்னேரம் திடீரென்று கொட்டும் மழையில், மரைன் டிரைவில் முன்னால் போகும் முச்சக்கர வண்டி சட்டென்று நின்றால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். காலையில், ஈரமில்லாத வீதியில், மெதுவாக மட்டும் ஓட்டுவேன் என்று உறுதியாக இருப்பவருக்கு இது நல்ல துணை. அப்படி வாங்கினால், பெடலைத் தாங்கும் தண்டான கிராங்கைப் பிடித்திருக்கும் கொட்டர் பின் தேய்ந்திருக்கிறதா என்பதை, இரண்டு பெடலையும் எதிரெதிராக அசைத்துப் பார்த்து உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

இங்கே நியாயமாக ஒன்றைச் சேர்க்க வேண்டும். ஜப்பான் சைக்கிளின் எவர்சில்வர் ரிம்முக்கும் மழையில் இதே குறை ஓரளவு உண்டு. ஆனால் அவற்றின் பின்பிரேக் பெரும்பாலும் ரிம்மைப் பிடிப்பதில்லை. சில்லின் நடுவில் உள்ள உருளைக்குள் பிடிக்கும் என்பதால் பின்சில்லாவது நம்பகமாக நிற்கும். அலுமினிய ரிம் மழையிலும் நன்றாகப் பிடிக்கும். எது எவ்வுலோகம் என்று தெரியாவிட்டால் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் சிறிய காந்தமொன்றைச் சட்டைப்பையில் கொண்டுபோங்கள். அது ஒட்டினால் அலுமினியம் அன்று; ஆனால் சில வகை எவர்சில்வரிலும் அது ஒட்டாது.

ஹைபிரிட் சைக்கிளை, எங்கள் தேவைக்காகவே வடிவமைத்தார்களோ என்று நினைக்கத் தோன்றியது. நேரான ஹாண்டில், ஸ்பிரிங் இல்லாத போர்க், 622 மில்லிமீற்றர் ரிம்மில் 35 முதல் 40 மில்லிமீற்றர் அகலமான டயர், 11 முதல் 14 கிலோகிராம் எடை. ஆனால் பதினேழில் இரண்டுதான் இந்த வகை. ஒன்று நாங்கள் முடிவெடுப்பதற்குள் விற்றுப்போயிற்று, மற்றையதன் விலை எங்கள் கைக்கு எட்டவில்லை. நல்ல நிலையில் நியாயமான விலைக்குக் கண்டால் மற்ற எல்லாவற்றையும் மறந்து அதை எடுக்கலாம்.

வளைந்த ஹாண்டிலும் மெல்லிய டயரும் கொண்ட ரோட் பைக், கூட்டமாக நீண்ட தூரம் விரைந்து போகிறவர்களுக்கு உரியது. குனிந்த நிலையில் முதுகு நோகும், குழியில் டியூப் நசுங்கும், மெல்லிய வால்வுக்குச் சாதாரணப் பம்ப் பொருந்தாது. எங்களுக்கு வேண்டியிருக்கவில்லை.

மடிக்கும் சைக்கிளைப் பற்றி மட்டும் நாங்கள் நீண்ட விவாதம் நடத்தினோம். தொடர்மாடியில் வாழ்பவருக்கு அது தரும் நன்மை சிறியதன்று. கீழ்த்தளத்தில் கடற்காற்றில் விடாமல், மின்தூக்கியில் ஏற்றி, வீட்டுக்குள் அலுமாரிக்கு அருகே வைத்துவிடலாம். கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன உப்புக் காற்றுப் பிரச்சினைக்கு இதைவிட நேரான தீர்வு வேறில்லை. வேறு ஊர்ப் பக்கம் ஓட்ட விரும்புகிறவர், வத்தளையில் ஹமில்டன் கால்வாய்க் கரை வரைக்கும் காரின் பின்பகுதியில் போட்டுக்கொண்டு போகவும் முடியும். ஆனால் பழையதை வாங்கும்போது, சட்டத்தின் நடுவில் உள்ள மடிப்பு மூட்டை மிகக் கடுமையாகப் பரிசோதிக்க வேண்டும். பூட்டை இறுக்கியபின் முன்பகுதியையும் பின்பகுதியையும் பிடித்து எதிரெதிராக முறுக்கினால் சிறிதும் ஆடக் கூடாது; உருக்கி ஒட்டிய இடத்தைச் சுற்றிப் பெயின்ற்றில் மயிரிழை வெடிப்பு இருந்தால், விற்பவர் என்ன விளக்கம் சொன்னாலும் வேண்டாம். அந்த மூட்டு ஓடும்போது விட்டுவிட்டால் விழுவது முகத்தின்மீதுதான். 20 அங்குலச் சில்லிலும் இரண்டு அளவு உண்டு: 406 மில்லிமீற்றர் ரிம்மானால் சிறுவர்களின் பி.எம்.எக்ஸ். டயர் பொருந்தும், 451 ஆனால் டயருக்கு அலைய வேண்டும். நாங்கள் பார்த்த மூன்றில் இரண்டின் மூட்டு ஆடியது, மூன்றாவது 451. மூட்டு இறுக்கமான, 406 அளவிலான ஒன்று கிடைத்திருந்தால் எனக்கு அதையே எடுத்திருப்பேன்.

எந்த வகையானாலும் பார்க்க வேண்டியவை சில உண்டு. செயினை அளப்பதற்கு அங்குலம் குறித்த அளவுநாடா போதும். புதுச் செயினில் ஓர் ஆணியின் நடுவிலிருந்து எண்ணி 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம் வரும். அதுவே 12 1/16 வந்தால் செயினை மாற்ற வேண்டும். 12 1/8 வந்தால் பின்பற்களும் செயினோடு சேர்ந்து போய்விட்டன என்று கணக்கிட வேண்டும். முன்பிரேக்கைப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் தள்ளினால் ஹாண்டில் கழுத்தில் தட்டும் உணர்வு வரக் கூடாது. கிராங்கைப் பக்கவாட்டில் அசைத்தால் ஆடக் கூடாது. சில்லைத் தூக்கிச் சுழற்றி, பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் இடையிலுள்ள இடைவெளி கூடிக் குறைகிறதா என்று பார்க்க வேண்டும். சிறிய ஆட்டத்தைக் கம்பி இறுக்கிச் சரிசெய்யலாம். எல்லாவற்றையும்விட, ஹாண்டில் கழுத்துக்குச் சற்றுப் பின்னே, கீழ்ச்சட்டத்தின் அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். அங்கே சுருக்கமோ, பெயின்ற் கொப்புளமோ இருந்தால் அந்த வண்டி முன்னால் எதிலோ மோதியிருக்கிறது. மற்றக் குறைகளுக்கு விலை பேசலாம், இதற்குப் பேச முடியாது.

அளவைப் பொறுத்தவரை, சீற்றில் அமர்ந்து குதிக்காலைப் பெடலின் தாழ்ந்த நிலையில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அப்போது பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்கால் இலேசாக மடிந்திருக்கும். இந்த உயரத்துக்குச் சீற்றைக் கொண்டுவர முடியாத வண்டி, எவ்வளவு நல்லதானாலும், ஒரு மாதத்தில் முழங்கால் வலியைத் தரும்.

எங்கே வாங்குவது என்பதில் மூன்று வழிகளை முயன்றோம். இணையத்தில் விளம்பரம் செய்யும் தனியாட்களிடம் விலை குறைவு, அந்த வண்டியின் கதையையும் நேரடியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஆனால் வாங்கிய பின் எந்தப் பொறுப்பும் இல்லை. ஜப்பான் சைக்கிள்களை மொத்தமாக இறக்கும் கடைகளில் ஒரே இடத்தில் இருபது, முப்பது வண்டிகளை ஏறி ஓட்டி ஒப்பிடலாம். ஆனால் பெயின்ற்றைப் பளபளப்பாக்கிய அளவுக்கு உள்ளே கிறீஸ் மாற்றியிருப்பார்கள் என்று எதிர்பார்க்கக் கூடாது. ஒரு கடையில் எனக்குக் காட்டப்பட்ட வண்டியின் புதுச் சீற் உறைக்குக் கீழே பஞ்சு முழுதும் உக்கிப்போயிருந்தது. மூன்றாவது வழி, அக்கம்பக்கத்துத் திருத்துநர். அவரிடம் இரண்டோ மூன்றோ வண்டிகள்தான் இருக்கும். ஆனால் அவற்றைத் தன் கையாலேயே கழற்றிப் பூட்டியிருப்பார், பிழைத்தால் நாம் திரும்பப் போகப்போவதும் அவரிடம்தான் என்பது அவருக்கும் தெரியும். சற்றுக் கூடுதல் விலை கேட்டாலும் சைக்கிளைப் பற்றி அதிகம் தெரியாதவர் இந்த வழியில் போவதே நல்லது.

விலையைப் பேசும் முறையையும் சொல்லிவிடுகிறேன். டயர், டியூப், செயின், பிரேக் கட்டை, பிரேக் கம்பி, கூலி என்று மாற்ற வேண்டியவற்றைத் தாளில் எழுதி, அன்றைய விலையைக் கடையில் கேட்டுக் கூட்டினோம். அந்தத் தொகை, விற்பவர் கேட்கும் விலையின் மூன்றிலொன்றைத் தாண்டினால் விலகிவிடுவது என்று எங்களுக்குள் ஓர் எல்லை வைத்துக்கொண்டோம். தாண்டாவிட்டால், தாளை விற்பவரிடமே காட்டிப் பேசினோம். கைத்தாளில் எழுதிய கணக்கைக் கண்டு யாரும் கோபிக்கவில்லை. ஒருவர் தானும் ஒரு வரியைச் சேர்த்தார்.

கடைசியில் அக்காவுக்கு நுகேகொடை ஆசிரியையின் நீல ஜப்பான் சைக்கிளையே எடுத்தோம். 26 × 1 3/8 டயர், உள்ளடங்கிய மூன்று கியர், அலுமினிய ரிம். நெளிந்த கூடையை மாற்ற அக்கா சம்மதிக்கவில்லை. நான் கொட்டாஞ்சேனைப் பெரியவர் தன் கடையின் பின்புறம் வைத்திருந்த, ஸ்பிரிங் இல்லாத பச்சை மவுண்டன் பைக்கை எடுத்து, அதற்கு வழுவழுப்பான டயர் இரண்டு பூட்டினேன். இரண்டையும் வாங்கும்போது, பெடல் தண்டுக்கு அடியில் சட்டத்தில் பொறிக்கப்பட்டிருக்கும் இலக்கம், விற்றவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், திகதி, தொகை ஆகியவற்றை எழுதி இருவரும் கையொப்பமிட்ட பற்றுச்சீட்டைப் பெற்றுக்கொண்டோம். ஜப்பான் வண்டிகளில் அந்நாட்டுத் திருட்டுத் தடுப்புப் பதிவு ஸ்டிக்கர் இருக்கும். அது நமது உரிமையைக் காட்டாது. வண்டி களவுபோனால் பொலிசில் காட்டுவதற்கும், களவு வண்டியை வாங்கியதாகப் பழி வராமல் இருப்பதற்கும் இந்தத் துண்டுத்தாளே உதவும்.

மரைன் டிரைவில் ஓட்டிவிட்டு வந்தால், அன்றே நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் சட்டத்தையும் கம்பிகளையும் துடைத்து, செயினுக்குச் சில துளி எண்ணெய் விட்டு, மேலதிக எண்ணெயைத் துடைத்துவிடுகிறோம். மாதத்தின் முதல் ஞாயிறன்று இரண்டு சீற்றையும் முழுதாகக் கழற்றி, குழாயைத் துடைத்து, கிறீஸ் பூசித் திரும்பப் போடுகிறோம். ஐந்து நிமிட வேலை. நான் மறந்தாலும் அக்கா மறப்பதில்லை. சனிக்கிழமை இரவே மேல்மாடியிலிருந்து தொலைபேசியில் அழைத்து, "தம்பி, நாளைக்கு முதலாம் ஞாயிறு, சீற் கழட்டவேணும்" என்று சொல்லிவிடுவார்.